எஞ்சின் விடும் மூச்சு

நுழையும்முன்

நோய் வேறு, நோயின் அறிகுறி வேறு. அறிகுறியை மறைத்துவிட்டால் நோய் தீர்ந்துவிடாது. இவ்வுண்மை மனித உடலுக்கு மட்டுமன்றி எந்திரங்களுக்கும் பொருந்தும். பழைய மோட்டார் சைக்கிளின் மூச்சுக்குழாயில் கசியும் எண்ணெயைக் கொண்டு எஞ்சினின் நிலையை அறியும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

மதுரைக்கு வடக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், மலையடிவாரத்தில் அமைந்துள்ளது அழகர்கோவில். மூன்று மாதங்களாக வீட்டில் நின்றிருந்த பழைய புல்லட் வண்டியை ஒருவர் மதுரையிலிருந்து அங்கு ஓட்டிச் செல்கிறார் எனக் கொள்வோம். புறப்படும்முன் அளவுகோலை எடுத்துப் பார்க்கிறார். எண்ணெய் குறைவாக இருக்கவே, மேற்குறி வரை ஊற்றி நிரப்புகிறார். அழகர்கோவிலில் வண்டியை நிறுத்தியபோது எஞ்சினின் அடிப்பகுதியும் பின்சக்கரமும் எண்ணெயில் நனைந்திருக்கின்றன. “ரிங் தேய்ந்துவிட்டது, எஞ்சினைப் பிரிக்க வேண்டும்” என்கிறார் ஒருவர். “குழாயின் வாயை அடைத்துவிடுங்கள்” என்கிறார் மற்றொருவர். இவ்விரண்டும் ஆராயாமல் கூறிய முடிவுகளே.

சென்னையில் உருவான எஞ்சின்

இங்கிலாந்தின் ரெட்டிட்ச் நகரில் இயங்கிய ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இணைந்து 1955ஆம் ஆண்டு என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. அதன் தொழிற்சாலை சென்னைத் திருவொற்றியூரில் அமைந்தது. அங்கு உருவான 350 வகைப் புல்லட்டின் வார்ப்பிரும்பு எஞ்சின் ஒற்றை உருளை கொண்டது. அதன் கொள்ளளவு 346 கன சென்டிமீட்டர். அவ்வண்டிகளுள் பல இன்றும் நம் சாலைகளில் ஓடுகின்றன.

எஞ்சினுக்கு மூச்சு எதற்கு?

பிஸ்டன் மேலே செல்லும்போது அதன் கீழுள்ள கிராங்க் அறையில் இடம் பெருகுகிறது. கீழே வரும்போது சுருங்குகிறது. எஞ்சின் நிமிடத்திற்கு 3000 முறை சுழன்றால், இம்மாற்றம் நொடிக்கு 50 முறை நிகழும். எரியும் வாயுவில் ஒரு சிறு பகுதியும் ரிங்குகளின் ஓரமாகக் கீழே நுழையும். இவ்வழுத்தத்தை வெளியேற்றும் வழியே மூச்சுக்குழாய். பட்டறைகளில் இதனைப் ‘பிரீதர்’ என்பர். இவ்வழியில் வாத்தின் அலகு போன்ற ரப்பர் வால்வு ஒன்று உண்டு. அது காற்றை வெளியே விடும், உள்ளே வரவிடாது.

குழாயின் வாயை அடைத்தால் அழுத்தம் வேறு வழி தேடும். ஆயில் சீல்களும் பேக்கிங்குகளும் அதற்கு இடங்கொடுக்கும். ஓரிடத்துக் கசிவு பல இடத்துக் கசிவாகப் பெருகும்.

காரணங்களை ஆராயும் வரிசை

செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்குவதே முறை.

முதலாவது, எண்ணெயின் அளவு. இவ்வகை எஞ்சினில் எண்ணெய்த் தேக்கமும் கிராங்க் அறையும் ஒரே கூட்டுக்குள் தனித்தனியாக உள்ளன. வண்டி நெடுநாள் நின்றால், தேய்ந்த பம்பின் வழியாக எண்ணெய் மெல்லக் கிராங்க் அறைக்குள் இறங்கும். அப்போது அளவுகோல் குறைவாகவே காட்டும். உண்மையில் எண்ணெய் குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. அதன்மேல் புதிய எண்ணெயை ஊற்றினால் மிகுதியானது மூச்சுக்குழாய் வழியே வெளியேறும். எனவே, எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓட்டி நிறுத்தி, சற்றுப் பொறுத்த பின்னரே அளவு பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது, குழாயும் வால்வும். குழாய் மடிந்தோ அடைபட்டோ உள்ளதா எனக் காண வேண்டும். வெப்பத்தால் இறுகி வெடித்த வால்வு, காற்றை உள்ளேயும் இழுக்கும். எண்ணெய்த் துளிகளை மீண்டும் மீண்டும் வெளியே தள்ளும். இச்சிறு ரப்பர்த் துண்டை மாற்றினாலே கசிவு நின்றுவிடக்கூடும்.

மூன்றாவது, ரிங்கும் உருளையும். குழாயில் புகை பலமாக வெளிவந்து, புகைபோக்கியிலும் நீலப் புகை தோன்றினால் தேய்மானத்தை ஐயுறலாம். உருளையின் அழுத்தத்தை அளந்து, பிளக் துளை வழியே ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அழுத்தம் தெளிவாக உயர்ந்தால் ரிங் அல்லது உருளை தேய்ந்துள்ளது எனக் கொள்ளலாம். எஞ்சினைப் பிரிப்பது இதன் பின்னரே.

தெரிந்து தெளிவோம்

மூச்சுக்குழாயில் வெண்ணெய் போன்ற வெளிர்நிறப் படிவு காணப்பட்டால் எண்ணெயுடன் நீராவி கலந்துள்ளது என்பது பொருள். எஞ்சின் முழுமையாகச் சூடேறும் முன்னரே நிறுத்தப்படும் குறுந்தொலைவுப் பயணங்களில் இது மிகுதி.

அழகர்கோவிலில் நின்ற வண்டிக்கு மீள்வோம். எஞ்சின் ஓடிய பின் பார்த்தபோது அளவுகோலில் எண்ணெய் மேற்குறியைத் தாண்டியிருந்தது. மிகுதியை வடித்ததும் கசிவு நின்றது. பம்பைப் பழுதுபார்க்க வேண்டும். ஆயினும், எஞ்சினைப் பிரிக்கும் பெருஞ்செலவு தவிர்ந்தது. எனினும், பின்சக்கரத்தில் படிந்த எண்ணெயை முற்றிலும் துடைக்காமல் புறப்படலாகாது. திருப்பங்களில் அது உயிருக்கே ஊறு செய்யும்.

நோயையும் அதன் காரணத்தையும் தீர்க்கும் வழியையும் முறையாக ஆராய வேண்டும் என்பது திருக்குறளின் மருந்து அதிகாரம் காட்டும் நெறி. மருத்துவர்க்குரிய அந்நெறியே பட்டறையில் பணிபுரிவோர்க்கும் வழிகாட்டி. கசிவு குற்றவாளியன்று, உள்ளே நிகழ்வதை உரைக்கும் தூது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்ப் பட்டறைக்குச் சென்று, எஞ்சின் உறுப்புகளுக்கு வழங்கும் பெயர்களைத் தொகுத்து, அவற்றிற்குப் பொருத்தமான தமிழ்ச்சொற்களை உருவாக்குக.
2. ‘அறிகுறியை மறைப்பது தீர்வாகாது’ என்னும் கருத்தை வேறொரு துறைச் சான்றுடன் வகுப்பில் விளக்குக.