மல்லாட்டை போடப் போகும் பிள்ளைகளுக்கு

திண்டிவனம் பக்கத்துச் செம்மண்ணில் நாற்பது வருடமாக மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிறேன். பட்டணத்து வேலையை விட்டு ஊர் திரும்பிய பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "ஏக்கருக்கு எத்தனை மூட்டை வரும்?" என்றுதான். மூட்டையை எண்ணினால் பாதிக் கணக்குத்தான் தெரியும். அதற்குள் பருப்பு எவ்வளவு, அந்தப் பருப்பை வீட்டுக் குழந்தைக்குத் தைரியமாகக் கொடுக்கலாமா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

1. இந்தச் செடி பூப்பது மேலே, காய்ப்பது கீழே. பூ வாடியதும் விழுது நீண்டு மண்ணுக்குள் இறங்கும். அதன் நுனிதான் காயாகிறது. மேல்மண் இறுகிக் கிடந்தால் விழுது நுழையாமல் காய்ந்துவிடும். கடைசி உழவில் ஏக்கருக்கு 5 டன் மக்கிய தொழுவுரம் போட்டு மண்ணைப் பொலபொலவென்று வையுங்கள். களிமண் நிலத்தில் மல்லாட்டை வேண்டாம். பிடுங்கும்போது பாதிக் காய் அறுந்து உள்ளேயே நின்றுவிடும்.

2. தோல் உரிந்த, சுருங்கிய பருப்பை விதைக்குச் சேர்க்காதீர்கள். கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்தால் வேரழுகல் குறையும். வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 10.

3. ஜிப்சத்தில் கை இழுக்காதீர்கள். யூரியாவுக்குச் செலவு செய்பவர்கள் இதில்தான் மிச்சம் பிடிக்கிறார்கள். வேர் உறிஞ்சும் சுண்ணாம்புச் சத்து தண்ணீரோடு இலைக்கு ஏறிவிடும். திரும்ப இறங்கிக் காய்க்கு வராது. மண்ணுக்குள் இருக்கும் காய் தன் ஓட்டின் வழியாகத்தான் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். காயைச் சுற்றியுள்ள மண்ணில் அது இல்லாவிட்டால் ஓடு மட்டும் வளரும், உடைத்தால் பொக்கு. ஏக்கருக்கு 160 கிலோ கணக்கு. இறவையில் விதைத்த 40 முதல் 45 நாளுக்குள், ஈரம் இருக்கும்போது, செடி ஓரமாகப் போட்டுக் கொத்தி மண் அணையுங்கள். ஜிப்சத்தில் கந்தகமும் உண்டு. பருப்பில் எண்ணெய் கூடுவதற்கு அது வேண்டும். யூரியாவை அள்ளிப் போட்டால் வயல் பச்சைப்பசேல் என்று இருக்கும், காய் இருக்காது.

4. 45 நாளுக்குப் பிறகு களைக்கொத்தை வயலுக்குள் எடுத்துப் போகாதீர்கள். நான் தொழில் பழகிய காலத்தில், கொத்துக்கு ஆள் கிடைக்காமல் 60ஆம் நாள் கொத்தினேன். களை போனது; இறங்கியிருந்த விழுதெல்லாம் அறுந்தும் போனது. அந்த வருடம் விதைக்காசுகூட மிஞ்சவில்லை. தப்பிய களையைக் கையால் பிடுங்குங்கள்.

5. பூக்கும்போதும், விழுது இறங்கும்போதும், காய் முற்றும்போதும் தண்ணீருக்குக் குறை வைக்காதீர்கள். கடைசி மாதம் வயல் காய்ந்து மண் சூடேறினால் விளைச்சல் குறைவதோடு நிற்காது. செடிக்குள் எதிர்ப்பு குறைந்து, ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூசணம் மண்ணுக்குள்ளேயே காயில் ஏறும். அந்தப் பூசணம் விடும் நஞ்சு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

6. நாளை மட்டும் எண்ணிப் பிடுங்காதீர்கள். பத்துச் செடியைப் பிடுங்கிக் காயை உடைத்துப் பாருங்கள். ஓட்டின் உள்பக்கம் வெள்ளையாக இருந்தால் பிஞ்சு. பழுப்பேறிக் கருத்திருந்தால் முற்றல். முந்தினால் பருப்பு சுருங்கும். பிந்தி மழையும் பிடித்துக்கொண்டால், நம் கொத்து ரகங்கள் பலவற்றுக்கு விதை உறக்கம் கிடையாது, வயலிலேயே முளைத்துவிடும்.

7. இது எல்லாவற்றிலும் முக்கியம். ஆய்ந்த காயை ஈரத்தோடு குவித்து வைக்காதீர்கள். மழைக்குப் பயந்து தார்ப்பாய் போட்டு மூடிய குவியல் உள்ளே புழுங்கும். இரண்டு நாளில் பூசணம் பூக்கும். மெல்லியதாகப் பரப்பி, கிளறிவிட்டு, ஈரம் 8 சதவீதத்துக்கு இறங்கும்வரை காய வையுங்கள். பூசணம் விடும் அஃப்லாடாக்சின் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு. வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. 1960இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோது, அவை தின்ற கடலைப் பிண்ணாக்கைச் சோதித்துத்தான் இந்த நஞ்சையே கண்டுபிடித்தார்கள். கறவை மாடு அதைத் தின்றால் பாலிலும் வரும்.

ஆகவே மூட்டை தைப்பதற்கு முன் ஒரு பகல் ஒதுக்கி, பச்சைப் பூசணம் பூத்த காய், ஓடு உடைந்த காய், பூச்சி துளைத்த காய் மூன்றையும் பொறுக்கி எடுத்துவிடுங்கள். எடை குறையும், குறையட்டும். பொறுக்கியதைச் செக்குக்கும் அனுப்பாதீர்கள், மாட்டுக்கும் போடாதீர்கள்.