படகு என்ஜின் கொதிக்கிறதா? தண்ணீர் போகும் பாதையைப் பின்தொடருங்கள்

கிள்ளான் துறைமுகத்திலோ கோல செப்பெத்தாங் ஆற்றிலோ சிறு படகுகள் கிளம்பும்போது அவற்றின் பின்புறத்தைக் கவனியுங்கள். அவுட்போர்ட் என்ஜினிலிருந்து கம்பி போல மெல்லிய நீர் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். அனுபவமுள்ள படகோட்டி அடிக்கடி திரும்பிப் பார்ப்பது அதைத்தான். அந்த நீர் நின்றுவிட்டால் என்ஜின் சூடேறப் போகிறது என்று பொருள். நடுக்கடலில் என்ஜின் நின்றால், படகு நீரோட்டத்தின் கையில்.

காருக்கு ரேடியேட்டர் இருக்கிறது. அவுட்போர்ட் என்ஜினுக்குக் கடலே ரேடியேட்டர். எரியும் பெட்ரோலின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் படகைத் தள்ளப் பயன்படுகிறது. மற்றதெல்லாம் வெப்பம். அதில் ஒரு பகுதி புகையோடு வெளியேறும். பெரும்பாலான மீதியைத் தண்ணீர்தான் சுமந்து செல்ல வேண்டும்.

அந்தத் தண்ணீர் போகும் பாதை இதுதான்: விசிறிக்கு மேலே உள்ள சல்லடைத் துளை, அடுத்து ரப்பர் இதழ்கள் கொண்ட இம்பெல்லர் பம்ப், பிறகு என்ஜினுக்குள் உள்ள குறுகிய வழிகள், கடைசியில் தெர்மோஸ்டாட் என்ற வெப்பக் கதவு. பழுதையும் இதே வரிசையில் தேடினால் நேரம் மிச்சம்.

எச்சரிக்கை மணி அடித்தால்

முதலில் வேகத்தைக் குறையுங்கள். அருகில் பாறையோ பெரிய கப்பலோ இல்லை என்று உறுதிசெய்து, என்ஜினை நிறுத்தி நங்கூரம் போடுங்கள். பாதுகாப்பு நிறுத்துக் கயிற்றைக் கழற்றிய பிறகே என்ஜினைத் தூக்கிப் பாருங்கள். விசிறி தற்செயலாகச் சுழன்றால் விரல் போய்விடும். சூடான என்ஜின் மேல் குளிர்ந்த நீரை ஊற்றாதீர்கள். உலோகம் திடீரென்று சுருங்கி விரிசல் விடலாம்.

வரிசையாகச் சோதியுங்கள்

1. சல்லடைத் துளை: நம் கடலோரங்களில் பிளாஸ்டிக் பை, சேறு, பாசி ஆகியவைதான் முதல் சந்தேகத்துக்குரியவை. அகற்றிவிட்டு, என்ஜின் ஆறியதும் குறைந்த வேகத்தில் ஓட்டிப் பாருங்கள்.

2. பீய்ச்சும் துளை: இன்னும் நீர் வரவில்லையென்றால், என்ஜினை நிறுத்தி, தடித்த தூண்டில் நரம்பைத் துளைக்குள் விட்டுக் குத்துங்கள். மறுபடி இயக்கியதும் நீர் பாய்ந்தால், அடைப்பு அந்தத் துளையில் மட்டுமே இருந்திருக்கலாம்.

3. இம்பெல்லர்: துளை சுத்தமாக இருந்தும் நீர் வரவில்லை, அல்லது சொட்டுச் சொட்டாக வருகிறது என்றால் பம்பைச் சந்தேகியுங்கள். ரப்பர் இதழ்களுக்குத் தண்ணீரே மசகு. கரையில் தண்ணீர் இல்லாமல் சில விநாடிகள் ஓட்டினாலே அவை உராய்ந்து கெட்டுப்போகும். மாற்றும்போது பழைய இதழ்களை எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தால், அந்தத் துண்டு உள்ளே எங்கோ வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது.

4. தெர்மோஸ்டாட்: இங்குதான் பலர் ஏமாறுகிறார்கள். பல என்ஜின்களில் பீய்ச்சும் நீர் தெர்மோஸ்டாட்டை அடைவதற்கு முன்பே பிரிந்து வந்துவிடுகிறது. ஆகவே பம்ப் வேலை செய்கிறது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. என்ஜின் முழுவதும் குளிர்கிறது என்பதற்கு அல்ல. நீர் நன்றாக வந்தும் மணி அடித்தால், தெர்மோஸ்டாட்டைக் கழற்றி நூலில் கட்டி, ஒரு பாத்திர நீரில் தொங்கவிட்டு, வெப்பமானியோடு சூடாக்குங்கள். அதன் மேல் குறித்துள்ள வெப்பநிலையை ஒட்டி அது திறக்க வேண்டும். திறக்காவிட்டால் மாற்றுங்கள்.

உப்பு என்ற மெதுவான எதிரி

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் உள்ளன. சர்க்கரை சூடான நீரில் கூடுதலாகக் கரையும். ஆனால் கடல்நீரில் உள்ள சில கால்சியம் உப்புகள் நேர்மாறானவை. சூடு ஏற ஏற அவை கரைசலிலிருந்து பிரிந்து, கெட்டிலின் அடியில் படியும் வெள்ளைப் படிவம் போல என்ஜின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். படிவம் வழியைக் குறுக்குகிறது, வெப்பத்தையும் வெளியே விடாமல் தடுக்கிறது. இதனால் சூடு கூடுகிறது. சூடு கூடுவதால் படிவமும் கூடுகிறது. கடல்நீரை நேரடியாகப் பயன்படுத்தும் என்ஜின்களின் தெர்மோஸ்டாட், கார் தெர்மோஸ்டாட்டைவிடக் குறைந்த வெப்பநிலையில் திறக்கும்படி செய்யப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் நன்னீர்க் குழாயைப் பொருத்தி, என்ஜினின் கையேடு சொல்லும் முறைப்படி உள்வழிகளைக் கழுவுங்கள். வேறெந்தப் பராமரிப்பும் இதற்கு ஈடாகாது.

பெரிய படகுகளில்

படகுக்குள்ளேயே பொருத்தப்பட்ட பல டீசல் என்ஜின்களில் இரண்டு நீர்ச்சுற்றுகள் உண்டு. குளிர்விப்பு நீர் என்ஜினுக்குள் சுற்றும். கடல்நீர் அதன் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியேறும். இங்கே கடல்நீர் வால்வு திறந்திருக்கிறதா, வடிகட்டி சுத்தமா, பம்ப் பெல்ட் அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். குளிர்விப்புத் தொட்டியின் மூடியைச் சூடாக இருக்கும்போது திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் நீர் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த கணமே நீராவியாகச் சீறி முகத்தைப் பொசுக்கிவிடும்.

அடுத்த முறை படகேறும் முன் ஒரு மாற்று இம்பெல்லர், ஒரு தெர்மோஸ்டாட், அவற்றைக் கழற்றத் தேவையான கருவிகள் ஆகியவற்றை ஒரு டப்பாவில் எடுத்து வையுங்கள். கரையைவிட்டு விலகும் முன்பே திரும்பி, நீர் பீய்ச்சுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பழுதுபார்க்க ஜெட்டியைவிட நல்ல இடம் கிடையாது.