சிவப்பணுவுக்குப் பிரிவுபசார விழா

கேள்வி: ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் காமிக்ஸ் போட ஆசை. படம் ஓரளவு வரைவேன். சிரிப்பும் வரவேண்டும், பாடமும் தப்பாகிவிடக் கூடாது. என்ன வழி?
- ஓர் ஆசிரியை, மன்னார்குடி

பதில்: பாடத்தை எழுதிவிட்டு நடுநடுவே ஜோக்கைச் செருகாதீர்கள். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், ஜோக்கை மட்டும் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். சிரிப்பு அறிவியலுக்குள்ளிருந்தே வரவேண்டும்.

ஜப்பானில் அகானே ஷிமிசு 2015-இல் தொடங்கிய 'செல்ஸ் அட் வொர்க்' என்ற மாங்கா காமிக்ஸைப் பாருங்கள். அதில் உடம்புதான் ஊர். சிவப்பணு, ஆக்சிஜன் பெட்டியோடு வழி தெரியாமல் அலையும் கூரியர் பெண். ரத்தத் தட்டணுக்களோ நர்சரி வாண்டுகள். காரணம் இருக்கிறது: சிவப்பணு ஏழெட்டு மைக்ரான் என்றால் தட்டணு 2-3 மைக்ரான்தான். (சண்டைக் காட்சிகளில் ரத்தம் கொட்டும், வகுப்புக்கு அப்படியே கொண்டுபோகாதீர்கள்.)

தப்பாகிவிடுமோ என்ற பயத்துக்கு 1986-இல் வந்த முதல் 'மேஜிக் ஸ்கூல் பஸ்' புத்தகத்தில் மருந்து உண்டு. ஜோனா கோல் எழுத்து, புரூஸ் டீகன் படம். மாணவர்கள் நீர்த்துளிக்குள் புகுந்து குடிநீர்க் குழாய்வழி வருவார்கள். எது நிஜம், எது கற்பனை என்று கடைசியில் தனியே சொல்லிவிடுவார்கள்.

நீங்கள் ஒரே ஒரு தகவல், நாலு கட்டம் என்று ஆரம்பியுங்கள். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். நாலே மாதத்தில் ரிட்டயர்மென்ட்! வயதான சிவப்பணுக்களைச் சிதைக்கும் மண்ணீரலில் மாலை மரியாதையோடு விழா. "கையிலிருக்கும் இரும்பை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பும்மா, மஜ்ஜையில் புதுசா ஆள் எடுக்கிறாங்க" என்கிறார் அதிகாரி.