பசிபிக் தீவுகளில் விருந்தினர் வரவு

பசிபிக் மாகடலின் நடுவே, ஆஸ்திரேலியாவுக்கும் ஹவாய்த் தீவுகளுக்கும் இடைப்பட்ட பரப்பில், பிஜி, சமோவா, டோங்கா, வனுவாட்டு, குக் தீவுகள் முதலிய தீவுக்கூட்டங்கள் சிதறிக் கிடக்கின்றன. வெளிநாடுகளினின்று இன்பச் செலவாக வந்து சின்னாள் தங்கிச் செல்வோர் விட்டுப்போகும் பணமே இவற்றுட் சிலவற்றிற்கு இன்று முதற்பெரும் வருவாயாகும். ஆதலின், நம் நாட்டு உழவர் மழைக்கணக்குப் பார்ப்பதுபோல, அங்குள்ளார் ஆண்டுதோறும் எத்துணைப் பேர் வந்தனர் என்னும் கணக்கைப் பார்க்கின்றனர். அக்கணக்கு எவ்வாறு ஏறி இறங்கிற்று என்பதையும், அதனைப் படிப்போர் எவற்றை நோக்குதல் வேண்டும் என்பதையும் பிஜியை முதன்மையாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

பிஜி என்னும் பெயர் தமிழ் பயில்வார்க்குப் புதிதன்று. அங்குள்ள கரும்புத் தோட்டங்களில் அல்லலுற்ற பெண்டிரை நினைந்து பாரதியார் பாடிய பாட்டை அறியாதார் நம்மில் இலர். 1879 முதல் 1916 வரை ஒப்பந்தக் கூலிகளாக அங்குச் சென்ற அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட இந்தியருள் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கினர், 1903 முதல் சென்னைத் துறைமுகத்திற் கப்பலேறிய தென்னாட்டார். அவர் வழிவந்தோர் இன்று கரும்பை மட்டும் நம்பி வாழ்வாரல்லர். அத்தீவில் நிலத்தின் பெரும்பகுதி பூர்விகக் குடிகளுக்கே உரியது. அதனை விற்றலாகாது, குத்தகைக்கே விடலாம். முப்பதாண்டுக் குத்தகைகள் 1997 முதல் ஒவ்வொன்றாக முடிவெய்தவே, கரும்பு பயிரிட்டோர் பலர் நிலம் இழந்து வேறு தொழில் நாடினர். ஹோட்டலும் வாடகை மோட்டாரும் கடைத்தெருவும் பலருக்குப் புகலாயின. வருவோர் தொகை குறைவது இத்தகைய குடும்பங்களுக்கு அடுப்பெரியாமையாக முடியும்.

இனி, கணக்கைக் காண்பாம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நாந்தி என்னுமிடத்தில் விரிவாக்கப்பெற்ற விமானத்தளம், போரின் பின்னர் அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே பறப்பவை எண்ணெய் நிரப்பிக்கொள்ளும் நிலையமாயிற்று. இடையில் இறங்கினோர் சிலநாள் தங்கலாயினர். பிஜி விடுதலை பெற்ற 1970ஆம் ஆண்டில் வந்தோர் ஏறக்குறைய 1.1 இலட்சம், 1986இல் 2.58 இலட்சம், 1999இல் 4.1 இலட்சம், 2019இல் 8.94 இலட்சம். 2017ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அந்நாட்டு மக்கட்டொகையே 8.85 இலட்சந்தான் என்பதை ஒப்பிட்டு நோக்குக.

இவ்வொப்பீட்டைக் கண்டு, குடிகளும் விருந்தினரும் சரிபாதியாகத் தெருவில் நடப்பர் என மயங்கற்க. வந்தவர் ஒவ்வொருவரும் பத்துநாள் தங்குவதாகக் கொள்வோமாயின், ஒரு நாளில் அந்நாட்டில் இருக்கும் விருந்தினர் ஏறக்குறைய 25,000 பேரே. அன்றியும், ஒருவரே ஓராண்டில் இருமுறை வரின் இருவராக எண்ணப்படுவர். கப்பலில் வந்து காலையில் இறங்கி மாலையில் ஏறிச் செல்வோர், இராத் தங்காமையின், தனிக் கணக்கில் வைக்கப்படுவர். வனுவாட்டில் 2019இல் இவ்வாறு கப்பலில் வந்தோர் விமானத்தில் வந்தோரினும் மிகுதி. இவ்விரண்டையும் கூட்டி ஒரே தொகையாக உரைப்பாரும் உளர். அத்தொகையால் அறியத்தக்கது யாதுமில்லை என்பதே என் கருத்து.

தமிழ் மாணவன் ஒருவனுக்கு இவ்விடத்து மற்றொன்றும் தோன்றும். விருந்து என்னும் சொல்லுக்கு முதற்பொருள் புதுமை. புதிதாய் வந்தவரே விருந்தினர். இல்வாழ்வான் ஓம்பத்தக்காரை எண்ணுமிடத்து வள்ளுவர் விருந்தையும் ஒக்கலையும் வேறு வேறாகவே வைத்தார். வருகைப் பட்டியல் அவ்வேறுபாட்டை முதலிற் காட்டுவதில்லை. சமோவாவுக்கும் டோங்காவுக்கும் வருவோருட் பெருந்தொகையினர், நியூஸிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் குடியேறி, திருமணத்துக்கும் இழவுக்கும் தாய்நாடு திரும்பும் சுற்றத்தாரே. அவர் ஹோட்டலில் தங்கார், தாய்வீட்டிலேயே தங்குவர். ஆயினும், வேறிடத்துக் கவர்ச்சி கண்டு மனம் மாறார். எத்துணைத் துன்பக் காலத்தும் வருவர். ஒக்கல் மிகுந்த கணக்கு மெல்ல ஏறி மெல்ல இறங்கும். விருந்து மிகுந்த கணக்கு விரைந்து ஏறி விரைந்து வீழும்.

பிஜியின் கணக்கு வீழ்ந்த ஆண்டுகளை நோக்குவார்க்கு இது புலனாகும். 1987இல் படையினர் இருமுறை ஆட்சியைக் கைப்பற்றினர், முன்னாண்டில் 2.58 இலட்சமாயிருந்த வரவு 1.9 இலட்சமாயிற்று. பழைய அளவைக் கடக்க 1990 வரை செல்லவேண்டியதாயிற்று. 2000இல் ஆயுதந்தாங்கியோர் பாராளுமன்றத்துட் புகுந்து பிரதமரையும் பிறரையும் சிறைப்படுத்தினர், 4.1 இலட்சம் 2.94 இலட்சமாகச் சுருங்கிற்று. இம்முறையும் மீட்சிக்கு மூன்றாண்டு. ஆயின், 2006 டிசம்பரில் படைத்தலைவர் மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றியபோது, அடுத்த ஆண்டின் குறைவு மிகச் சிறிதே: 5.49 இலட்சம் 5.4 இலட்சமாயிற்று. முன் நிகழ்ந்தவற்றைக் கண்டு பழகிய அயல்நாட்டார் அஞ்சுதல் குறைந்தது போலும். ஹோட்டல்காரர் வாடகையைக் குறைத்ததும் துணைசெய்தது.

இவற்றினும் சிந்திக்கத்தக்கது 2016ஆம் ஆண்டு. அவ்வாண்டு பிப்ரவரி 20ஆம் நாள் வின்ஸ்டன் என்னும் பெரும்புயல் பிஜியைத் தாக்கிற்று. மாண்டோர் 44 பேர். பல்லாயிரம் வீடுகள் அழிந்தும் சிதைந்தும் போயின. அழிவின் மதிப்பு நாட்டின் ஓராண்டு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்களவாயிற்று. வருகைக் கணக்கோ, முன்னாண்டில் 7.55 இலட்சமாயிருந்தது, அவ்வாண்டில் 7.92 இலட்சமாக உயர்ந்தது! காரணம் எளிது. புயல் கொடிதாகத் தாக்கியவை கீழ்த்திசைத் தீவுகளும் முதன்மைத் தீவின் வடபகுதியும். ஹோட்டல்கள் மிகுந்த நாந்திப் பகுதியும் தென்கரையும் பெரிதும் தப்பின. அட்டவணையை மட்டும் கையிற் கொண்டவன் 2016ஐ நல்லாண்டு என்றே எழுதுவான். கூரையிழந்து கூடாரத்தில் உறங்கிய கோரோத் தீவினன் அதனை ஒப்பானோ?

எனவே, வரவை வீழ்த்துவது புயலினும் பெரும்பாலும் மனிதர் செய்யும் முடிவே. அம்முடிவு விருந்தளிக்கும் நாட்டிற் செய்யப்பட வேண்டுமென்பதும் இல்லை. பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கேயுள்ள பலாவு, ஏறக்குறைய 18,000 மக்களையுடைய சிறு குடியரசு. 2015இல் அங்கு வந்தோர் 1.6 இலட்சத்துக்கு மேற்பட்டோர். அவருட் பாதிக்கு மேல் சீனர். பலாவு தைவானுடன் தூதுறவு கொண்டிருந்தமையால், 2017இன் இறுதியில் சீன அரசு தன்னாட்டார் கூட்டமாக அங்குச் செல்வதைத் தடுத்தது. கடலும் பவளப்பாறையும் முன்போலவே இருந்தன. ஹோட்டல் அறைகள் வெறுமையாயின. ஆயினும் பலாவினர் தைவானைக் கைவிட்டாரல்லர். அவ்வாண்டு டிசம்பர் முதல், உள்வருவோர் ஒவ்வொருவரும் தம் நிலத்தையும் நீரையும் கெடுப்பதில்லை எனப் பாஸ்போர்ட்டிலேயே உறுதியெழுதிக் கையொப்பமிட வேண்டுமென்றும் விதித்தனர். வருவாய் குறைந்த காலத்தும் வருவோரிடம் வாக்குறுதி கேட்கும் திண்மையை நான் பெரிதும் மதிக்கின்றேன்.

பிஜிக்கு இரு பெருவாயில்கள் உள. 2023இல் வந்த 9.3 இலட்சம் பேருள் 4.3 இலட்சம் பேர் ஆஸ்திரேலியாவினின்றும், 2.2 இலட்சம் பேர் நியூஸிலாந்தினின்றும் வந்தோர். பத்தில் ஏழு பேர் என்க. 2020 மார்ச்சு மாதத்தில் கொரோனா நோய்க்கு அஞ்சி அவ்விரு நாடுகளும் தம் எல்லைகளை அடைத்தன, பிஜியும் அடைத்தது. 2019இல் 8.94 இலட்சம், 2020இல் 1.47 இலட்சம், 2021இல் ஏறக்குறைய 32,000 மட்டுமே. நாட்டின் பொருளாதாரம் 2020இல் ஆறில் ஒரு பங்களவு சுருங்கிற்று. ஹோட்டல் ஊழியர் தம் ஊர்களுக்குத் திரும்பிக் கிழங்கு நட்டனர், மீன் பிடித்தனர். பணமில்லாமையால் பண்டமாற்று மீண்டது: சைக்கிளுக்குப் பன்றியும் துணிக்குக் கிழங்கும் மாறிக்கொள்ளும் இணையக் குழுவொன்றில் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தனர்.

நாட்டெல்லை 2021 டிசம்பர் முதல் நாளிற் றிறக்கப்பட்டது. 2022இல் 6.36 இலட்சம் பேர் வந்தனர், 2023இற் பழைய அளவு கடக்கப்பட்டது, 2024இல் 9.83 இலட்சமாயிற்று. மீட்சி விரைவானதே. ஆயின் இவ்விருந்தினர் உண்ணும் இறைச்சியும் பாற்பொருளும் கனிகளும் பெரும்பாலும் அவர்தம் நாடுகளினின்றே கப்பலேறி வருகின்றமையால், அவர் விடுக்கும் பணத்தில் ஒரு பகுதி வந்தவழியே திரும்பிப் போகின்றது. வருவோர் தலையை மட்டும் எண்ணும் அட்டவணையில் இதற்கு இடமில்லை.

நிற்க. அதே விமானங்கள் திரும்பிச் செல்லுங்கால் பிஜியரையும் ஏற்றிச் செல்கின்றன. பஞ்சகாலத்தில் வேலையிழந்த சமையற்காரரும் பரிமாறுவோரும் தச்சரும் செவிலியரும், எல்லை திறந்தபின் ஆஸ்திரேலியாவிலும் நியூஸிலாந்திலும் மிகுந்த கூலி கிடைப்பதறிந்து ஆயிரக்கணக்கிற் புறப்பட்டனர். விருந்தினர் நிரம்பிய ஹோட்டல்களில் ஊழியர் போதவில்லை. ஆதலால் அங்குள்ள முதலாளிகள், பங்களாதேசத்தினின்றும் பிலிப்பைன்ஸினின்றும் ஒப்பந்தத்தின்மேல் ஆட்களைத் தருவிக்கத் தொடங்கியுள்ளனர்.