நடந்தால் இதயம் தாங்குமா?

கேள்வி: மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்த என் கணவர், வாசல்படி தாண்டவே பயப்படுகிறார். என்ன செய்வது?
– வாசகி, கரமனை, திருவனந்தபுரம்

பதில்: பயம் இயல்புதான், அம்மா. 1950-கள் வரை டாக்டர்களே மாரடைப்பு வந்தவர்களை வாரக்கணக்கில் படுக்க வைத்தார்கள். தசை தளர்ந்தது, ரத்தம் உறைந்தது. இன்று நடையும் சிகிச்சை; யோகா போன்ற மென்மையான பயிற்சியும் உதவுகிறது. இந்தியாவில் 24 மையங்களில் நடந்து 2020-இல் வெளியான யோகா-கேர் ஆய்வில், மாரடைப்புக்குப் பின் யோகப் பயிற்சி பெற்றவர்கள் பழைய அலுவல்களுக்கு நன்றாகவே திரும்பினார்கள். மறுபடி மாரடைப்பு வருவது குறையும் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனாலும் வாழ்க்கைக்குத் திரும்புவது சிறிய விஷயமா?

முதலில் இதய மருத்துவரிடம் காட்டி, எவ்வளவு நடக்கலாம் என்று கேளுங்கள். பிறகு மேடில்லாத தெருவில் சில நிமிடங்கள், நீங்களும் கூட நடங்கள். பேசிக்கொண்டே நடக்கும் வேகம் போதும். பழகிய பிறகு உங்கள் ஊர் மியூசியம் வளாகத்துக்கு மெல்லப் போகலாம். நெஞ்சுவலி, தலைசுற்றல், கடும் மூச்சுத்திணறல் வந்தால் உடனே நிறுத்தி ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.