தொடக்கப்பள்ளிக்குக் கருவிக் கொடை: கேட்கும் முறையும் காக்கும் பொறுப்பும்

மதுரைக்குத் தென்மேற்கே, திருப்பரங்குன்றம் செல்லும் வழியில் உள்ளது பழங்காநத்தம். நத்தம் என்பது ஊரார் குடியிருக்கும் நிலத்தைக் குறிக்கும் சொல். பெயரில் மட்டும் கிராமத்தைத் தாங்கி நிற்கும் அவ்வூர் இன்று மாநகராட்சியின் ஒரு பகுதியாகிவிட்டது. நகருக்குள் அமைந்த பள்ளிக்குக் கடைத்தெருவும் தொழில் நிலையங்களும் அருகிலேயே உண்டு. கொடையாளரைத் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. அதற்கப்பால் வயல்களின் நடுவே அமைந்த தொடக்கப்பள்ளிக்கு அவ்வசதி இல்லை. ஆயினும் இரண்டிலும் பயிலும் குழந்தைகள் படிப்பது ஒரே பாடநூலைத்தான். கணினி, படம் காட்டும் கருவி, ஒலிபெருக்கி முதலிய சாதனங்களை ஒரு கிராமப் பள்ளி எவ்வாறு கேட்டுப் பெறலாம் என்பதை இங்கே ஆராய்வோம்.

முன்னோர் காட்டிய வழி

ஊர் மக்களிடம் பள்ளிக்காகக் கேட்பது நம் மாநிலத்திற்குப் புதிதன்று. திரு. காமராஜர் முதலமைச்சராகவும் திரு. நெ. து. சுந்தரவடிவேலு கல்வித்துறை இயக்குநராகவும் இருந்த காலத்தில், 1958-ஆம் ஆண்டில் பள்ளிச் சீரமைப்பு இயக்கம் தொடங்கப்பெற்றது. அதன் முதல் மாநாடு கடம்பத்தூரில் கூடியது. பள்ளியின் தேவைகளை முதலில் பட்டியலாக எழுதினர். பின்னர் அதை ஊரார் முன் வைத்தனர். வசதி படைத்தவர் கட்டடம் அளித்தார்; எளியவர் கரும்பலகையோ, கடிகாரமோ, பாத்திரமோ அளித்தார். கொடுப்பவர் தம்மிடம் மிஞ்சியதைத் தள்ளிவிடாமல், பள்ளி கேட்டதையே கொடுத்தனர். அவ்வியக்கத்திலிருந்து நாம் கற்க வேண்டிய முதற்பாடம் இதுவே.

பாடம் முதலில், கருவி பின்னர்

“எங்கள் பள்ளிக்குக் கணினி வேண்டும்” என்பது முழுமையான வேண்டுகோள் ஆகாது. எந்த வகுப்பில், எந்தப் பாடத்திற்கு, எதன் பொருட்டு என்று ஆசிரியர் கூற வேண்டும்.

ஓர் உதாரணம் கூறுவோம். மேற்கு நோக்கி ஓடும் பெரியாற்றின் நீரை அணையால் தடுத்து, மலையைக் குடைந்து, வைகைப் படுகைக்குத் திருப்பிய வேலை 1895-ஆம் ஆண்டில் நிறைவேறியது. அந்த நீரை எதிர்பார்த்து நாற்று விடும் உழவரின் மகன், அது எவ்வழியே தன் வயலுக்கு வருகிறதென்பதை அறிய வேண்டாமா? கரும்பலகைக் கோட்டுப் படத்தில் மலையும் சுரங்கமும் அவன் மனத்தில் பதிவது அரிது. ஓடும் படமாகக் காட்டினால் சில நிமிடங்களில் விளங்கும். இப்பாடத்திற்கு வகுப்பிற்கு ஒரு படம் காட்டும் கருவி போதும்; ஆளுக்கொரு கணினி தேவையில்லை.

இரண்டு ஆசிரியர் ஐந்து வகுப்புகளை நடத்தும் பள்ளியில் தேவை வேறாக இருக்கலாம். ஆசிரியர் முதல் வகுப்புக் குழந்தைகளுக்கு எழுத்துக் கற்பிக்கும்போது, நான்காம் வகுப்பினர் கதையொன்றைக் கேட்டுப் பின்தொடர்ந்து வாசிக்க ஒரு சிறிய ஒலிபெருக்கியே பேருதவி செய்யும். விலை மிகுந்த கருவியே சிறந்த கருவி என்று எண்ணுதல் தவறு.

யாரிடம் கேட்பது?

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு அமைய வேண்டுமென்கிறது. அதன் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் அதில் இடமுண்டு. பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பது அக்குழுவின் கடமை. ஆகவே கருவிப் பட்டியலை அக்குழுவின் தீர்மானமாக நிறைவேற்றி, கிராம சபையிலும் படித்துக் காட்டுதல் நலம்.

அதன்பின் மூன்று வாயில்களைத் தட்டலாம். முதலாவது, ஊரை விட்டுச் சென்று நகரங்களில் தொழில் செய்யும் முன்னாள் மாணவர். இரண்டாவது, தொழில் நிறுவனங்கள். 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, பெரிய கம்பெனிகள் தம் மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். கல்வியும் அவற்றுள் ஒன்று. மூன்றாவது, அரசுப் பள்ளிகளுக்குக் கொடை திரட்ட 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப்பள்ளி’ திட்டம்.

கொடையுள்ளம் செல்வரிடம் மட்டும் இருப்பதன்று. மதுரை மாவட்டம் கொடிக்குளத்தில், வங்கியில் எழுத்தராகப் பணியாற்றிய ஆயி என்னும் பூரணம் அம்மாள், மறைந்த தம் மகள் ஜனனியின் நினைவாக, ஊர்ப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக உயர்த்துவதற்கு 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை 2024-ஆம் ஆண்டு ஜனவரியில் தானமாக வழங்கினார்.

ஏற்குமுன் ஆராய வேண்டியவை

நிலக் கொடை தலைமுறை தலைமுறையாக நிற்கும். கருவிக் கொடை அத்தகையதன்று. அதன் பேட்டரி தேயும், விளக்கு மங்கும், எலி கம்பியைக் கடிக்கும். ஆகவே எக்கருவியையும் ஏற்குமுன் பின்வருவனவற்றைக் கவனிக்க வேண்டும்:

1. வகுப்பறையில் மின் இணைப்பும் நில இணைப்பும் சரியாக உள்ளனவா? மின்னழுத்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் சாதனம் உண்டா?

2. பயன்படுத்திய கணினியாயின், தமிழ் எழுத்து அதில் சரியாகத் தோன்றுகிறதா? பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது? உதிரிப் பாகம் கிடைக்குமா?

3. பழுதானால் பார்ப்பவர் யார்? அதற்கான செலவை எவர் ஏற்பார்?

4. பூட்டும் சாவியும் எவர் பொறுப்பு? விடுமுறையில் கருவி எங்கே இருக்கும்?

இவற்றிற்கு விடையில்லாவிடின், சில மாதங்களில் கருவி பீரோவிற்குள் உறங்கும். 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 கிராமங்களில் செயற்கைக்கோள் வழியே தொலைக்காட்சிச் சோதனை நடத்தியது. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கென நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின. பெட்டிகளைக் கிராமங்களில் வைத்ததோடு நில்லாமல், அவற்றைப் பழுதுபார்க்கும் ஏற்பாட்டையும் உடன் செய்தனர். கருவியோடு அதன் பராமரிப்பையும் திட்டமிட வேண்டும் என்பதற்கு இது தக்க சான்று.

எனவே கொடையாளரிடம் கேட்கும்போதே மூன்றாண்டுப் பராமரிப்பையும் ஆசிரியருக்கான பயிற்சியையும் சேர்த்துக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். பெற்றதைப் பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் எழுதி, இரசீது அளித்து, ஆண்டுக்கொரு முறை கிராம சபையில் கணக்குக் கூற வேண்டும். கொடுத்தவரைப் பள்ளிக்கு அழைத்து, அக்கருவியைக் கொண்டு நடக்கும் பாடம் ஒன்றைக் காணச் செய்வது, எந்த நன்றிக் கடிதத்தினும் மேலானது. பயன் கண்டவர் மீண்டும் கொடுப்பார். பூட்டிய பீரோவைக் கண்டவர் கொடார்.

வாய்க்கால் வெட்டுவதோடு உழவர் வேலை முடிவதில்லை. ஆண்டுதோறும் தூர் வாரினால்தான் கடைமடைக்கு நீர் பாயும். பள்ளிக் கருவியும் அத்தன்மையதே. கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் குழந்தைக்கும் அதன் பயன் எட்டச் செய்வது நம் பஞ்சாயத்து உறுப்பினர்களின் பொறுப்பாகும்.

கூட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. நம் பள்ளியில் குழந்தைகளுக்கு விளங்கக் கடினமான பாடங்கள் யாவை? எந்தக் கருவி அவற்றிற்கு உதவும்?

2. பள்ளியில் இப்போது பயனின்றிக் கிடக்கும் கருவிகள் எவை? அவற்றைப் பழுதுபார்க்க என்ன செலவாகும்?

3. நம் ஊரில் படித்து வெளியூரில் வாழ்வோரின் பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பை ஏற்பவர் யார்?