சண்டைக்கு நடுவே இருபது நிமிடம்

கணவருக்குக் குலிமில் ஷிப்ட் வேலை. வீட்டுக் கடன் பேச்சை எடுத்தாலே அவர் கத்துகிறார், அழுகை முட்டிக்கொண்டு வருகிறது. பதறாமல் பேசுவது எப்படி?
— வாசகி, பாடாங் மேஹா

ஷிப்ட் முடிந்து வந்தவர் காலணியைக் கழற்றும்போதே கடன் பேச்சைத் தொடங்காமல், இருவரும் சாப்பிட்டு ஓய்ந்திருக்கும் ஒரு வேளையை முன்கூட்டியே குறித்துக்கொள்வது நல்லது. தம்பதியரின் வாக்குவாதங்களை வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் ஆராய்ந்த உளவியலாளர் ஜான் காட்மன், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டும்போது எதிரில் இருப்பவர் சொல்வது காதில் விழுந்தும் மனத்தில் ஏறாத நிலையை உணர்ச்சிப் பெருக்கு, அதாவது உடலின் பதற்றம் சிந்தனையை மூழ்கடிப்பது என விளக்கி, அது தணியக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும் என்கிறார். எனவே குரல் உயர்ந்ததும் ‘எட்டரைக்குத் தொடரலாம்’ என்று நேரம் சொல்லிவிட்டு எழுவதில் தோல்வி ஏதுமில்லை; நேரம் சொல்லாமல் கதவைச் சாத்துவதுதான் மற்றவரைக் கொதிக்கவைக்கும். அந்த இடைவேளையில் அடுத்த சுடுசொல்லை ஒத்திகை பார்த்தால் நாடி இறங்காது என்பதால், பாத்திரம் கழுவலாம், லயத்து வீடுகளைச் சுற்றி நடக்கலாம் (பக்கத்து வீட்டுத் திண்ணைவரை நடப்பது கணக்கில் சேராது).

மீண்டும் அமர்ந்ததும் ‘எப்போதும் இப்படித்தான்’ என்று ஆளைச் சாடாமல், ‘இம்மாதத் தவணைக்கு இருநூறு ரிங்கிட் குறைகிறது’ என்று தொகையிலிருந்தே தொடங்கலாம். இந்தப் பேச்சில் மூன்றாமவரை இழுக்கவும் வேண்டாம். மலேசியாவின் 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 106-ஆவது பிரிவு, மணவிலக்கு மனுவுக்கு முன் பொதுவாக இணக்கக் குழுவை நாடச் சொல்கிறது; அங்கே அனுமதியின்றி வழக்கறிஞர் பேசவும் அச்சட்டம் விடுவதில்லை. அவ்வளவு பெரிய விவகாரத்துக்கே சட்டம் இருவரையும் நேரில் பேசச் சொல்லும்போது, தவணைக்கணக்குக்கு மாமியாரை நடுவராக்க வேண்டியதில்லை.